சஸ்பெண்டில் இருந்துகொண்டே லீவு சொன்ன கிளெனிஸ்

கிளெனிஸ் ஷெரட் காய்ச்சுகிற கஸ்டர்டில் கரண்டியை நட்டால் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் அந்தக் கரண்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து, தேசிய கீதத்தில் முதல் இரண்டு வரியைப் பாடிவிட்டுத்தான் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தார். ஸ்டோக் என்கிற அந்த இங்கிலீஷ் நகரத்தில் இதைக் கேள்விப்படாத ஆள் கிடையாது. சரி, தேசிய கீதம் பாடவில்லை. தொப்பியும் போட்டிருக்கவில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. ஆனால் கரண்டி நின்றது. அதில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

கிளெனிஸ் மில் தெரு ஆரம்பப் பள்ளியின் தலைமைச் சமையல்காரி. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷமாக ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று லீவு எடுத்ததில்லை. பள்ளிக்கூடமே சளியில் மூழ்கிக் கிடந்த குளிர்காலத்தில்கூட, இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தவள். அவள் புருஷன் கிளிஃப் டயர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "கிருமி அவளைப் பாத்தா எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போயிடும்" என்பார். அவர் தொழிற்சாலையில் முழங்கால்வலிக்கு எடுத்த லீவு எத்தனை என்று அவள் பதிலுக்குச் சொல்ல ஆரம்பித்ததும் பேச்சை மாற்றுவார்.

அப்படிப்பட்டவளை ஒரு நவம்பர் மாதத் திங்கட்கிழமை சஸ்பெண்ட் பண்ணினார்கள்.

காரணம் ஒரு அலுமினியத் தாள் பொட்டலம். பள்ளிச் சமையலை அந்த வருஷம்தான் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி எடுத்திருந்தது. மீந்த சாப்பாட்டை யாருக்கும் தரக்கூடாது, எடை போட்டுக் குப்பையில் கொட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கிளெனிஸுக்குக் கொட்டும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்று எடை போட்டுக் கொட்டினாள். கம்பெனியின் வட்டார மேனேஜர் ஜூலியன் பெக் பின்வாசல் கேமராவில் பத்து நாள் படத்தை ஓட்டிப் பார்த்தார். பத்து நாளும் பிற்பகல் இரண்டே முக்காலுக்குக் கிளெனிஸ் கையில் ஒரு பொட்டலத்தோடு வெளியே போனாள்.

"பத்து நாள், பத்துப் பொட்டலம். ஜாம் கேக்கா, கோழியா?" என்று கேட்டார் பெக்.

"ஓட்கேக். என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்றேனே."

சொன்னால் போதும் என்று நினைக்கிற ரகம் கிளெனிஸ். ஓட்கேக் என்றால் அந்த ஊர்க்காரர்களின் உயிர். பெயரில்தான் கேக், கல்லில் ஊற்றி எடுத்தால் பார்வைக்கு நம் தோசையேதான். உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டித் தின்பார்கள். தினமும் காலை ஆறரைக்குத் தெருமுனைக் கடையில் சீஸ் வைத்தது ஒன்று வாங்கி, கடைக் காகிதத்தோடு அலுமினியத் தாளில் சுற்றி, அடுப்புக்கு மேலே சூடு ஆறாமல் வைத்திருப்பாள். வேலை முடிந்து போகும்போது பள்ளி வாசல் முன்னால் நிற்கிற சிரிலுக்குக் கொடுப்பாள். சிரிலுக்கு எழுபத்தேழு வயது. மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, நீளக் கம்பின் நுனியில் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து, பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்துகிறவர். பலகை லாலிபாப் மிட்டாய் மாதிரி இருப்பதால் ஊரே அவரை லாலிபாப் சிரில் என்று கூப்பிடும். மழையில் நனைந்து நிற்கிற மனுஷனுக்குச் சூடாக ஒரு ஓட்கேக். மூன்று வருஷப் பழக்கம் அது.

சமையலறைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, பெக் நீட்டிய கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கிளிஃப் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'இது தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருக்கவும்.' அடேயப்பா! இந்தத் தண்டனையை எனக்கு நாப்பது வருஷத்துல ஒருத்தனும் தரலையே."

"மேலே படி."

"'வேலை நேரத்தில் தொடர்புக்குக் கிடைக்கும்படி இருக்கவும். பள்ளி சம்பந்தப்பட்ட யாருடனும் பேசக்கூடாது.' அப்புறம்..." கிளிஃப் குரல் இறங்கியது. "'திருட்டு நிரூபணமானால் முன்னறிவிப்பின்றிப் பணி நீக்கம்.'"

திருட்டு என்ற சொல் அந்தச் சின்ன முன்னறையில் வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஆனால் பிள்ளைகள் வாயிலிருந்து திருடினவள் என்ற பெயரோடு அந்த ஊரில் மீன் கடை வரிசையில்கூட நிற்க முடியாது. அவளுக்குத் தன் சமையலறை திரும்ப வேண்டும். தன் பெயர் சுத்தமாகத் திரும்ப வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

சட்டம் என்றால் கிளெனிஸுக்குச் சட்டம்தான். மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொன்றுக்கு ஒரு டீ. பிற்பகல் இரண்டரைக்கு ஏப்ரனை அவிழ்த்தாள். நடுவில் துணி காயப்போடக்கூடக் கொல்லைக்குப் போகவில்லை.

"வெயில் அடிக்குது, போர்வையாவது போடேன்" என்றார் கிளிஃப்.

"வேலை நேரத்துல சொந்த வேலை பாக்கறதா?"

"நீ வேலையிலேயே இல்லையே, கண்ணு!"

"சம்பளம் வருதுல்ல?"

இதைவிடப் பெரிய கூத்து சாலையில் நடந்தது. ரொட்டி வாங்கப் போக வேண்டுமென்றால் சிரில் நிற்கிற இடத்தில்தான் கடக்க வேண்டும். அவளைக் கண்டதும் சிரில் நடுச்சாலைக்கு வந்து, பலகையைத் தூக்கி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, "வா வா கிளெனிஸ்! என்னம்மா ஆச்சு, ஆளையே காணோம்?" என்றார். கிளெனிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே இருந்த விளக்குக் கம்பத்தையே பார்த்தபடி கடந்து போனாள். ஒரு பஸ், இரண்டு லாரி, நாற்பது பயணிகள் இந்த அவமரியாதையைப் பார்த்தார்கள். மறுநாளும் அப்படியே. சிரில் முகம் வாடிப்போயிற்று. தன் மேல்தான் அவளுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

நினைக்கக் காரணமும் இருந்தது. அதற்குள் பெக் அவரிடம் போய், "கிளெனிஸ் உங்களுக்குத் தினமும் ஏதாவது தருவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். சிரிலுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு மூன்றும் உண்டு. சீஸைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி, சிரிலின் மனைவி எட்னா அதை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். "எனக்கா? ஒண்ணும் தந்ததில்லையே" என்று சொல்லிவிட்டார் மனுஷன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். தன் ஒரு வாய் சீஸுக்காகச் சொன்ன பொய் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியாது.

யூனியனிலிருந்து மரியன் டாம்ஸ் என்கிற அம்மாள் வந்தாள். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் நீட்டுவது அவள் வழக்கம். உட்கார்ந்ததும் நீட்டினாள்.

"சிரில் ஒண்ணும் வாங்கினதில்லைன்னுட்டார்" என்றாள்.

கிளெனிஸ் மிட்டாயை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "மறந்திருப்பார். வயசாச்சு."

"மூணு வருஷ ஓட்கேக்கை மறப்பாரா? அதுவும் சீஸ் வெச்சதை? நம்ம ஊர்க்காரனா இருந்துக்கிட்டு?" என்றார் கிளிஃப்.

"ஓட்கேக் கடைக்காரம்மா நீங்க தினம் வாங்கினதைச் சொல்றாங்க" என்றாள் மரியன். "ஆனா பெக் என்ன சொல்றார்? அது வீட்டுக்காரருக்கு வாங்கினதா இருக்கும்ங்கறார். சமையல்ல கூட இருக்கற பாலின், பொட்டலத்தைப் பார்த்தேன், உள்ளே என்னன்னு பார்க்கலைங்கறாங்க. கடைசியா மிஞ்சறது உங்க வார்த்தை ஒண்ணுதான், கிளெனிஸ்."

"அது போதாதா?"

மரியன் இன்னொரு மிட்டாயை நீட்டினாள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை விடிகாலையில், இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ இஸ்திரிப்பெட்டியை வைத்த மாதிரி எரிச்சலோடு கிளெனிஸ் எழுந்தாள். கண்ணாடியில் பார்த்தால் விலாவிலிருந்து முதுகுவரை பாதி ஒட்டியாணம் மாதிரி கொப்புளம். அக்கி.

அப்போது அவள் செய்த காரியத்தை அந்தத் தேசத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் காலை ஆறரைக்குள் கம்பெனிக்குப் போன் பண்ணித் தெரிவிக்க வேண்டும் என்று சமையலறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். இருபத்தாறு வருஷம் அவளுக்குத் தேவைப்படாத அட்டை. ஆனாலும் நம்பர் மனப்பாடம். ஆறு பத்துக்கு இரவு அங்கியோடு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினாள்.

எதிர்முனையில் ஒரு ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்தான். "பேரு, இடம்?"

"கிளெனிஸ் ஷெரட். மில் தெரு ஸ்கூல். மன்னிக்கணும், காலங்காத்தாலே தொந்தரவு பண்றேன். அக்கி வந்திருக்கு, கண்ணு. இன்னிக்கு முடியாது."

"வேற யாராவது சமைப்பாங்களா?"

"சமைக்கறாங்க. மூணு வாரமா. நான் சஸ்பெண்ட்ல இருக்கேன்."

கொட்டாவி பாதியில் நின்றது. "சஸ்பெண்ட்ல இருந்தா வேலைக்கே வர வேணாமே?"

"வர வேணாம்."

"அப்ப எதுக்குப் போன் பண்றீங்க?"

"உடம்பு முடியலைன்னு சொல்லணும்ல?"

அந்த ஆள் கொஞ்ச நேரம் ஏதோ தட்டினான். "இங்க கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேர்த்துப் போட இடமில்லை. உடம்பு சரியில்லைன்னே போட்டுடறேன்."

"போட்டுடுப்பா. ரொம்ப நன்றி."

படியில் மேலே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்ட கிளிஃப், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடியே, போகாத வேலைக்கு லீவு சொன்ன ஒரே பொம்பளை இந்த உலகத்துல நீதான்!"

"அவங்க என்னை ஏதாவது கேக்கணும்னு கூப்பிட்டு, நான் வலியில எடுக்காம இருந்தா?"

"மூணு வாரமா ஒருத்தனும் கூப்பிடலையே!"

"அதான் இன்னிக்குக் கூப்பிட்டா?" என்று முடித்துவிட்டு, எட்டு மணிக்கு டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டாள். வரிசையில் பதினேழாவது ஆள் என்று மெஷின் சொன்னது. அதற்கும் நன்றி சொன்னாள்.

டாக்டர் மாத்திரை எழுதி, இரண்டு வாரம் ஓய்வு என்று சீட்டும் கொடுத்தார். சீட்டை அன்றே கம்பெனிக்குத் தபாலில் சேர்த்தாள். கிளிஃப் அவள் முதுகில் ரோஜா நிற லோஷனைப் பெயின்ட் அடிக்கிற மாதிரி தடவினார். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. இன்ன தேதியிலிருந்து நீங்கள் நோய் விடுப்பில் இருப்பதாகக் கருதப்படுகிறீர்கள். முழுச் சம்பளம் நிறுத்தப்பட்டு, அரசு விதித்த நோய்க்காலப் படி மட்டும் தரப்படும். அதிலும் முதல் மூன்று நாளுக்கு எதுவும் கிடையாது.

மரியன் ஓடிவந்தாள். இந்தத் தடவை மிட்டாய்ப் பையையே மேஜை மேல் வைத்துவிட்டாள். "எதுக்கும்மா போன் பண்ணீங்க? சும்மா படுத்திருந்தா முழுச் சம்பளம் வந்துட்டே இருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே."

"சஸ்பெண்ட் கடிதத்துல முழுச் சம்பளம்னு எழுதியிருக்காங்க. நடுவுல உடம்புக்கு வந்தா குறைப்போம்னு அவங்க விதிப் புத்தகத்துல ஒரு வரி இருக்கான்னு தேடறேன். இருந்தா கஷ்டம். இல்லைன்னா விடமாட்டேன்."

கிளெனிஸ் தலையாட்டினாள். சம்பளத்தைவிட வேறொன்று அவளை அரித்தது. "மரியன், அப்ப என் இருபத்தாறு வருஷம் போச்சா? உடம்பு முடியலைன்னு பதிஞ்சுட்டாங்கல்ல?"

கிளிஃப் கூரையைப் பார்த்தார். "திருடின்னு எழுதப் போறாங்க, இவளுக்கு சீக்காளின்னு எழுதிட்டாங்களேன்னு கவலை."

டாக்டர் சீட்டினால் விசாரணை இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த இரண்டு வாரம்தான் காரியத்தைத் திருப்பியது. ஜூலியன் பெக் சமையலறைக்கு வந்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் எல்லார் முன்னாலும் கதையை அவிழ்த்துவிட்டார். "சஸ்பெண்ட்ல உக்காந்துக்கிட்டு லீவு சொல்லியிருக்காங்க! சம்பளம் போச்சு!" பாலின் சிரிக்கவில்லை. கையிலிருந்த முட்டைக்கோஸை வைத்துவிட்டு, தலையில் வலைத் தொப்பியோடு, நேரே வாசலுக்குப் போய் நடுச்சாலையில் நின்ற சிரிலைப் பிடித்தாள்.

"கேட்டீங்களா தாத்தா? யாரும் பார்க்காத இடத்துலகூட உண்மையைச் சொல்லி அவ சம்பளத்தையே தொலைச்சுக்கிட்டா. அவளைத் திருடின்னு விசாரிக்கப் போறாங்க. உங்களுக்கு ஓட்கேக் தந்தேன்னு சொல்றா. நீங்க தரலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம். கல்யாண வீட்டுல தின்னுட்டு மொய்க் கவரை மறந்தவன் மாதிரி இங்க நிக்கறீங்க!"

இரண்டு பக்கமும் கார்கள் ஹாரன் அடித்தன. சிரில் பலகையை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. "திருட்டா... அதுக்காகத்தான் கேட்டாரா அந்த மேனேஜர்?" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நகரத்தின் இன்னொரு பகுதியான ஹான்லியில், ஒரு கம்பளக் கடைக்கு மாடியில் இருந்த கம்பெனி ஆபீஸில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல வேறு ஊரிலிருந்து லம்லி என்ற அம்மாள் வந்திருந்தாள். நரைத்த தலை, சிரிக்காத வாய். முன்னால் தட்டில் பிஸ்கட். ஒரு பக்கம் பெக், எதிர்ப்பக்கம் மரியனும் கிளெனிஸும். கிளெனிஸ் தன் நல்ல நீல நிறக் கோட்டில் வந்திருந்தாள். அக்கி ஆறியும் ஆறாமலும் இருந்ததால் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பார்ப்பவர்களுக்குத் திமிர் மாதிரி தெரியும்.

பெக் படத்தைப் போட்டுக் காட்டினார். பத்து நாள், பத்துப் பொட்டலம். சிரில் எழுதிக் கொடுத்ததையும் வாசித்தார். லம்லி அம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு கோப்பில் ஒரு தாளைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினாள்.

"மிஸஸ் ஷெரட், நீங்க சஸ்பெண்ட்ல இருக்கும்போது உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"உடம்பு சரியில்லைங்க."

"அது புரியுது. நீங்க வேலைக்கு வரவேண்டிய அவசியமே இல்லையே. சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

கிளெனிஸுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேலை நேரத்துல கிடைக்கும்படி இருக்கணும்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு என்னால கிடைக்க முடியல. அதைச் சொல்லணும்ல?"

"அதனால சம்பளம் குறைஞ்சது தெரியுமா?"

"தெரியும். கடிதம் வந்துச்சு. பரவாயில்லைங்க. ஆனா அந்த நாளை உடம்பு முடியாத நாள்னு பதிஞ்சிருக்கீங்க. இருபத்தாறு வருஷத்துல ஒண்ணுகூட இல்லைங்க. அதை மட்டும் கொஞ்சம் பாருங்க."

மரியன் இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுவது யூனியன் வேலையில் பழகிக்கொண்டது. லம்லி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

அப்போது வெளியே ஏதோ சுவரில் மோதுகிற சத்தம். வரவேற்பில் இருந்த பெண், "ஐயா, அதை இங்கே கொண்டுவரக் கூடாது!" என்று கத்தினாள். கதவு திறந்தது. முதலில் வட்டப் பலகை நுழைந்தது, பிறகு கம்பு, பிறகு மஞ்சள் கோட்டில் சிரில், அவர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு எட்னா. மனுஷன் அந்தக் கம்பைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மாடி பஸ்ஸில் மேல் தளத்தில் அது படுத்து வந்ததாம், இரண்டு பேர் சீட்டை எடுத்துக்கொண்டு.

"சொல்லுங்க" என்றாள் எட்னா.

சிரில் தொண்டையைச் செருமினார். "நான் எழுதிக் கொடுத்தது பொய். மூணு வருஷமா கிளெனிஸ் எனக்குத் தினம் ஒரு ஓட்கேக் தருவாங்க. சீஸ் வெச்சது. சீஸ் திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்..."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் எட்னா. "மூணு வருஷமா உங்க கையுறையில சீஸ் வாசனை வருது! காசு குடுத்து வாங்கித் திங்கறீங்கன்னு நினைச்சேன். ஒருத்தி மழையில தூக்கிட்டு வந்து தர்றான்னு தெரியாமப் போச்சே."

பெக் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "இது பழக்கத்துக்காகச் சொல்றதா இருக்கலாம். உள்ளே இருந்தது ஓட்கேக்தான், கம்பெனி சாப்பாடு இல்லைன்னு என்ன..."

எட்னா பேச்சை முடிக்க விடவில்லை. கைப்பையைக் கவிழ்த்தாள். லம்லி அம்மாளின் பிஸ்கட் தட்டுக்கு மேல், மடித்து மடித்து எண்ணெய்க் கறை படிந்த காகிதங்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஓட்கேக் கடையின் பெயர் அச்சு.

"இவர் கோட்டு உள்பைக்குள்ள இருந்தது. தெருவுல குப்பை போட மாட்டார். அது ஒரு நல்ல குணம். கோட்டைத் தூக்கி ஆட்டினேன், இலையுதிர் காலம் மாதிரி கொட்டுச்சு. பார்த்துக்குங்க, கடைக்காரி பென்சில்ல தேதி போட்டுத்தான் சுத்துவா. பழசைப் புதுசுன்னு கொடுத்ததா யாரும் சொல்லிடக் கூடாதுன்னு."

லம்லி அம்மாள் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பெக்கின் பத்து நாள் பட்டியலைப் பக்கத்தில் வைத்தாள். பத்துத் தேதியும் இருந்தன. பதினொன்றாவதாக ஒரு காகிதம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் காலையில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சீஸ்தான்" என்றாள்.

பத்து நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னாள். ஏழே நிமிஷத்தில் கூப்பிட்டாள். திருட்டு எதுவும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்.

கிளெனிஸ் "நன்றிங்க" என்றாள். ஆறு வாரமாக விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி, முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். அக்கி சுரீர் என்றது. அந்த வலிகூட அப்போது இனித்தது.

மரியன் விடவில்லை. "சம்பளம்? உங்க விதிப் புத்தகம் முழுக்கப் படிச்சேன். சஸ்பெண்ட்ல இருக்கறவங்களுக்கு உடம்புக்கு வந்தா சம்பளத்தைக் குறைக்கலாம்னு ஒரு வரி கிடையாது. கடிதத்துல முழுச் சம்பளம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. போன் எடுத்தவர் இஷ்டத்துக்கு மாத்திட முடியுமா?"

"முடியாது" என்றாள் லம்லி அம்மாள். "பிடிச்சது எல்லாம் இந்த மாசமே சேர்த்து வரும்." பிறகு கிளெனிஸைப் பார்த்தாள். "வேலைக்கு வரக் கூடாதுன்னு நாங்கதான் உங்களை வீட்டுல வெச்சிருந்தோம். வரக் கூடாத வேலைக்கு நீங்க வராம இருந்ததா எப்படிக் கணக்கு வைக்கறது? அந்தப் பதிவையும் எடுத்துடச் சொல்றேன்."

"அப்ப இருபத்தாறு வருஷம்?"

"அப்படியே இருக்கும்."

அப்போதுதான் கிளெனிஸ் அழுதாள். மரியன் அவசரமாகப் பையைத் துழாவி ஒரு பெப்பர்மின்டை நீட்டினாள்; நல்ல செய்திக்கு அவள் கொடுத்த முதல் மிட்டாய் அதுதான். பெக் கோப்பை அடுக்கிக்கொண்டே, "இந்த பிஸ்கட்டில் மீந்ததை..." என்று ஆரம்பித்து, எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாடிப்படியில் சிரில் தயங்கி நின்றார். கம்பு அவருக்கு முன்னால் கீழே போய்க்கொண்டிருந்தது. "என் மேல கோபமா, கிளெனிஸ்? விளக்குக் கம்பத்தை அப்படிப் பார்த்துக்கிட்டுப் போனியே."

"பேசக் கூடாதுன்னு கடிதத்துல இருந்துச்சு."

"ஒரு தலையாட்டலாவது?"

"தலையாட்டறதும் பேச்சுதானேன்னு பார்த்தேன்."

சிரிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எட்னா அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. ஓட்கேக் நான் போடறேன். இவருக்கு மட்டும் காளான் வெச்சது."

ஞாயிற்றுக்கிழமை எட்னாவின் சின்னச் சமையலறையில் ஆறு பேர் முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாலினும் மரியனும் வந்திருந்தார்கள். கல்லிலிருந்து ஓட்கேக் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, சிரில் தன் காளானையும் கிளிஃபின் சீஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளெனிஸ் இரண்டாவதை முடித்துவிட்டு மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினாள். ஆறு வாரத்தில் அவள் பசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நாளைக்கு என்ன சமையல் என்று எட்னா கேட்டாள். ஆப்பிள் சுட்டதும் கஸ்டர்டும் என்றாள்.

கஸ்டர்ட் என்றதும் கிளிஃப் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அந்த இன்ஸ்பெக்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கா? கஸ்டர்டுல கரண்டி நட்டுவெச்ச மாதிரி நின்னுச்சு! ஆடாம, அசையாம, ரெண்டு நிமிஷம்! அந்த ஆள் வாயைப் பிளந்துட்டு..."

பாலின் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நிக்கல, கிளிஃப். நான் பாத்திரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பிடிச்சிட்டிருந்தேன். கை வலிச்சு உயிர் போச்சு."